வழித்துணைப் பிள்ளையார் கோயில் பூசணிக்காய்

லஸ் முனையிலிருந்து குளத்தங்கரைக்குப் போகிற வழியில் ஒரு குறுக்குத் தெரு. அதன் முனையில் ஒரு கோயில். கோயில் என்றால் கோபுரத்தைத் தேடாதீர்கள். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். வழித்துணைப் பிள்ளையார் என்று பெயர். தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ வாங்கியவர்கள் முதலில் அங்கேதான் வருவார்கள். பெட்ரோல் போடக்கூட அப்புறம்தான். அதற்குக் காரணம் பிள்ளையார் பாதி, பஞ்சு குருக்கள் பாதி.

முழுப்பெயர் பஞ்சாபகேசன். திருவையாற்று சுவாமியின் பெயர். வாய்த்த மனைவிக்கும் தர்மசம்வர்த்தினி என்று அந்த ஊர் அம்பாள் பெயரே அமைந்துவிட்டது. "பேரைப் பாத்து முடிச்சு வெச்சுட்டா, மத்த பொருத்தத்தை யாரும் பாக்கலை" என்று தர்மு மாமி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். குருக்கள் அதையும் ரசிப்பார். காதில் கடுக்கன், தலையில் கைப்பிடிக் குடுமி, அதைவிடப் பெரிய வாய். சண்டைக்கார வாய் இல்லை, பேச்சுக்கார வாய். அர்ச்சனைக்கு நடுவிலேயே கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார், கற்பூரம் காட்டிக்கொண்டே காய்கறி விலையைத் திட்டுவார். நாலு பேர் சிரித்தால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

வண்டி பூஜைக்கு அந்தக் கோயில் பேர் வாங்கிய கதையே வேடிக்கை. முன்பு ஒரு நாள் யாரோ ஒரு வக்கீலின் ஸ்கூட்டர் வாசலில் நின்றுவிட்டது. உதைத்து உதைத்து மனிதர் வியர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டார். குருக்கள் வெளியே வந்தார். ஹெட்லைட்டில் ஒரு பட்டை விபூதி பூசினார், சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார், "இப்போ உதையுங்கோ" என்றார். கிளம்பிவிட்டது! எதிர்ப்பக்கம் ஸீட் கவர் கடை வைத்திருந்த பீர் முஹம்மது அதற்குள் குனிந்து, மூடிக்கிடந்த பெட்ரோல் குழாயைத் திறந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. வேலை பாயுடையது, பேர் பிள்ளையாருக்கு. இரண்டு பேரும் அதை வெளியே மூச்சுவிட்டதில்லை. தங்களுக்குள் மட்டும் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

அந்த வருஷங்களில் ஹெல்மெட் சட்டம் நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது. வரும் என்பார்கள், வராது. வராது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது வந்து நிற்கும். ஒரு வாரம் லஸ் முனையில் மடக்கி மடக்கிப் பிடிப்பார்கள், மறுவாரம் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் பேச்சு மட்டும் ஓயவில்லை. முடி கொட்டும் என்றார்கள், பின்னால் வருகிறவன் ஹாரன் காதில் விழாது என்றார்கள், சித்திரை வெயிலில் மண்டை வெந்துபோகும் என்றார்கள். வைத்த பூ நசுங்கும் என்றார்கள் பெண்கள். கடைக்குள் போனால் கத்தரிக்காய்ப் பையோடு அதையும் தூக்கிக்கொண்டு அலையவா என்றார்கள் மாமாக்கள். பஸ்காரனையும் தண்ணீர் லாரிக்காரனையும் முதலில் ஒழுங்காக ஓட்டச் சொல்லு, அப்புறம் என் தலைக்கு வா என்றார்கள் எல்லோரும். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

பீர் முஹம்மது கடையில் ஹெல்மெட்டுகளும் தொங்கின. ஒரு நாள் ஒன்றை எடுத்துக் குருக்களின் தலையில் வைத்துப் பார்த்தார். உச்சிக் குடுமிமேல் அது ஏறி உட்கார்ந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. குருக்கள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட சிரிக்காத சாமி. டிவிஎஸ் ஃபிப்டில நீ போற போக்கைப் பாத்தா எனக்கு பயமாக் கீது" என்றார் பாய்.

"எனக்கென்ன பயம் பாய்? என் வண்டிக்கு நானே பூஜை போட்டிருக்கேன்."

அந்த வருஷம் விநாயக சதுர்த்திக்குத் தெருவில் பந்தல் போட்டுப் பட்டிமன்றம் வைத்தார்கள். தலைக்கவசச் சட்டம் தேவையா, இல்லையா? தேவை என்ற அணிக்கு இன்ஷ்யூரன்ஸ் ஆபீஸில் இருந்து ரிடயரான ராஜகோபாலன் தலைமை. நல்ல மனிதர். ஆனால் விபத்துக் கணக்கை ஜில்லா வாரியாகப் படிக்க ஆரம்பித்தார். முன்வரிசையிலேயே இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். தேவையில்லை என்ற அணிக்கு வேறு யார், பஞ்சு குருக்கள்தான்!

மைக்கைப் பிடித்ததும் முதல் காரியமாகத் திரும்பி நின்று தன் குடுமியைச் சபைக்குக் காட்டினார். "டர்பன் கட்டிண்டவாளுக்கு விலக்கு உண்டாம். வாஸ்தவம், கொடுக்கட்டும். இதை முடிஞ்சுண்டவனுக்கு ஏன் இல்லை? இதை நான் எங்கே வெச்சுக்கறது, பெட்ரோல் டாங்கிலயா?" பந்தல் அதிர்ந்தது. கைதட்டல் ஓயும்வரை காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இத்தனை வருஷமா இந்த வாசல்ல நான் எலுமிச்சம்பழம் வெச்ச வண்டி ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு விழுந்ததுன்னு யாராவது எழுந்து சொல்லட்டும்! நான் இப்பவே பாய் கடையில போய் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கறேன். விக்னேஸ்வரன் துணை இருக்கிறவனுக்கு மண்டைக்கு மேல ஒரு மண்டை எதுக்கு?"

விசில் பறந்தது. விழுந்தவன் எவனும் எழுந்து சொல்லவில்லை. விழுந்தவன் சதுர்த்திக் கொழுக்கட்டை தின்ன வருவானா என்று ராஜகோபாலன் கேட்டிருக்கலாம், அவருக்கு அது தோன்றவில்லை. தீர்ப்பு குருக்கள் பக்கம்.

விசிலடித்தவர்களில் உரத்த விசில் வடிவேலுவுடையது. அடையாற்றுக்கு அந்தப் பக்கம் ஊரூர் குப்பத்து ஆள். விடியற்காலையில் மீன் எடுத்து எம்-எய்ட்டி மொபெட்டில் கட்டி, சாந்தோம், மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கம் கொண்டுவந்து போடுகிறவன். அன்றைக்குச் சாயங்காலம்தான் பாய் கடையில் ஒரு சிவப்பு ஹெல்மெட்டைப் பார்த்துப் பொறுக்கி எடுத்து வைக்கச் சொல்லியிருந்தான். பட்டிமன்றம் முடிந்ததும் கடைக்கு வந்து, "வேணாம் பாய். சாமியே சொல்லிட்டாரு" என்று விட்டுவிட்டுப் போனான். பாய் அதை மறுபடி கொக்கியில் மாட்டினார்.

குருக்களுக்கு இரண்டு நாளைக்குத் தலைகால் புரியவில்லை. போகிற இடமெல்லாம் அதே பேச்சு. அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து வந்தது வினை.

ஒரே பெண், நீரஜா. லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்திருந்தாள். அடையாறில் ஒரு லேபில் வேலை கிடைத்திருந்தது. விடிந்ததும் வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருக்கும் வயசானவர்களிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். பெசன்ட் நகர், இந்திரா நகர், சாந்தோம் என்று சுற்ற வேண்டியது. வண்டி இருந்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். விஜயதசமி கழிந்த மறுநாள் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். வண்டிக்கும் குறைவில்லை. தோழி ஸ்நேஹா கல்யாணமாகிப் பெங்களூர் போகிறவள், தன் ஸ்கூட்டியை இவளுக்கே கொடுத்துவிட்டாள். நாகேஸ்வர ராவ் பார்க்கைச் சுற்றிச் சுற்றி ஓட்டக் கற்றுக்கொடுத்தவளும் அவளே. லைசென்ஸும் வாங்கியாயிற்று. குருக்களுக்கு எதுவும் தெரியாது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார். "ஸ்கூட்டியா? நீயா? இந்த ஊர் ரோட்லயா? தண்ணி லாரி எப்படி வரான் தெரியுமா? வேண்டாம்மா. சொன்னாக் கேளு. விழுந்து வெச்சா என்ன பண்றது?"

"விழ மாட்டேனேப்பா. நீங்க பூஜை போட்டுக் கொடுங்கோ."

"பூஜை போட்டா மட்டும்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

நீரஜா விடவில்லை. "போட்டா மட்டும்? மேலே சொல்லுங்கோ. ஒண்ணே ஒண்ணு விழலைன்னு மைக்ல சொன்னேளே. நானும் பந்தல்ல உக்காந்துண்டு கேட்டேனே."

குருக்கள் மறுபடி சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். "அது மேடைப் பேச்சு. வேற."

"அப்போ ஊர்ல இருக்கிறவாளுக்கெல்லாம் பிள்ளையார் துணை. உங்க பொண்ணுக்கு மட்டும் பத்தாதா?"

தர்மு மாமி ரசம் விட வந்தவள் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"ஆயுத பூஜை அன்னிக்கு வரிசையில கொண்டு வந்து நிறுத்துவேன்" என்றாள் நீரஜா. "பூஜை போட்டுக் கொடுத்தேள்னா வேலைக்குப் போறேன். மாட்டேன்னா, நாலு பேர் எதிரே மாட்டேன்னு சொல்லிடுங்கோ. நான் பேசாம ஆத்துல உக்காந்துக்கறேன்."

அன்றிலிருந்து குருக்களுக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்குப் பெண் வேலைக்குப் போவதில் வருத்தமே இல்லை. ரத்தம் எடுக்கிற வேலையா என்று மூக்கைச் சுளித்த சொந்தக்காரர்களிடம் அவரே சண்டைக்குப் போயிருக்கிறார். பயம் ஒன்றுதான். ஆனால் அந்தப் பயத்தை வெளியே சொன்னால் இத்தனை வருஷம் வாசலில் வைத்த எலுமிச்சம்பழம் எல்லாம் என்ன ஆவது? பிள்ளையாரிடம் நம்பிக்கை இல்லையா என்று அவரே அவரைக் கேட்டுக்கொண்டார். இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் லாரி கண்முன்னே வந்து வந்து நின்றது. வாயைக் கொடுத்து நன்றாக மாட்டிக்கொண்டார், பாவம்.

ஆயுத பூஜையும் வந்தது. கோயில் வாசலிலிருந்து தெருக்கோடிவரை வண்டிகள். வாழைக்கன்றும் சாமந்தி மாலையுமாக ஒவ்வொன்றும் கல்யாண மாப்பிள்ளைபோல நின்றது. அதிகாலையிலேயே குருக்கள் கோயிலுக்குத் திருஷ்டி சுற்றி, குங்குமம் கரைத்த பூசணிக்காயை நடுத்தெருவில் போட்டு உடைத்திருந்தார். வருஷா வருஷம் அவர் கையால்தான் உடைப்பது வழக்கம். உள்ளே போட்ட சில்லறையைப் பொறுக்கினவர்கள் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். காய் மட்டும் சதையும் விதையுமாக அங்கேயே கிடந்தது. அதை யார் பெருக்குவது என்று எந்த வருஷமும் யாரும் யோசித்ததில்லை.

வடிவேலுவின் முறை வந்தது. எம்-எய்ட்டிக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை வைத்தாயிற்று. அவனுக்கு அடுத்து நின்றது வெளிர்நீல ஸ்கூட்டி. அதன்மேல் நீரஜா, தலை நிறையக் கதம்பம் வைத்துக்கொண்டு. குருக்கள் அவள் பக்கம் பார்க்காமலே, "ஏத்திண்டு போ வடிவேலு" என்றார்.

நசுக்கென்று பழத்தின்மேல் ஏற்றி, கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, வடிவேலு ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான். வண்டி பாய்ந்தது. நேரே பூசணிக்காய். முன்சக்கரம் அதில் ஏறியதுதான் தெரியும், வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். மீன் பெட்டி உருண்டு ஓடியது. வடிவேலுவின் தலை தெருவோரக் கருங்கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. ஐயோ என்று தெருவே கத்தியது!

நீரஜாதான் முதலில் ஓடினாள். "அசையாதீங்கோ, அப்படியே இருங்கோ" என்று பக்கத்தில் மண்டியிட்டாள். பேரென்ன, எந்த ஊர், கையை மடக்க முடிகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டாள். பீர் முஹம்மது தண்ணீரும் பஞ்சும் டெட்டாலும் கொண்டு வந்தார். முழங்கை சிராய்ந்து ரத்தம் ஓடியது. நீரஜா பஞ்சை வாங்கிக்கொண்டாள். கழுவினாள், துடைத்தாள், கட்டினாள். பெரிய ஆள் வடிவேலு குழந்தை மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பிள்ளையார்தான் காப்பாத்தினார்" என்றார் கூட்டத்தில் யாரோ.

குருக்கள் நடுத்தெருவைப் பார்த்தார். பிள்ளையார் காப்பாற்றினார், சரி. தள்ளிவிட்டது யார்? காலையில் அவர் கையால் சுற்றி உடைத்த காய்! அவர் வைத்த எலுமிச்சம்பழத்தின் ஈரம்கூட இன்னும் காயவில்லை. நீரஜா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்கூட்டியின் பக்கத்தில் நின்றாள். அவர் முகத்தையே பார்த்தாள். குருக்கள் எலுமிச்சம்பழத்தை எடுத்தார். கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். குனிந்து சக்கரத்தடியில் வைக்க உடம்பு மறுத்தது.

"பாய்" என்றார். "ஒரு ஹெல்மெட் கொண்டாங்கோ. இவ தலைக்குச் சரியா இருக்கிறதா."

வரிசையில் சலசலப்பு. "இன்னா சாமி இது? அன்னிக்கு மைக்ல வேற மாதிரி சொன்னியே?" என்றது ஒரு குரல்.

குருக்களுக்குச் சுரீரென்று கோபம் வந்துவிட்டது. "அன்னிக்குப் பேசினது ஊரார் தலைக்குய்யா! இது என் பொண்ணு தலை!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவர் காதில் விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அதற்குள் வடிவேலு எழுந்து நின்றுவிட்டான்.

"அப்ப என் தலை இன்னா சாமி, நீ உடைக்கிற தேங்காயா?"

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவன் கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நீ சொன்னியேன்னுதான் நான் எடுத்து வெச்ச ஹெல்மெட்டை வேணாம்னுட்டேன். எனக்கும் வீட்ல ஒரு பொண்ணு கீது சாமி" என்றான்.

குருக்கள் முகத்தில் ஈயாடவில்லை. எலுமிச்சம்பழத்தை ஸ்கூட்டி ஸீட்டில் வைத்துவிட்டு வடிவேலுவிடம் போனார்.

"தப்புதான்ப்பா. நாலு பேர் கைதட்டினான்னு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். என் பொண்ணு தலைக்கு ஒரு நியாயம், உன் தலைக்கு ஒரு நியாயம்னு பிள்ளையார் சொல்லலை. நான்தான் சொன்னேன். மன்னிச்சுக்கோ" என்றார். கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

வடிவேலு பதறிப்போய், "அட விடு சாமி" என்றான்.

அவர் விடவில்லை. கோயில் துடைப்பத்தை எடுத்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விதையும் சதையுமாகக் கிடந்த பூசணிக்காயைத் தானே பெருக்கி அள்ளினார். இரண்டு பேர் வந்து துடைப்பத்தை வாங்கப் பார்த்தார்கள், கொடுக்கவில்லை. மண்ணைத் தூவி, காலால் தேய்த்துப் பார்த்து, வழுக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

பீர் முஹம்மது ஒரு வெள்ளை ஹெல்மெட்டோடு நின்றார். "இத நேத்தே உன் பொண்ணு வந்து போட்டுப் பாத்து எடுத்து வெச்சிட்டுப் போச்சு சாமி. எங்கப்பா கேட்டாக் குடுங்க பாய், கேக்காட்டியும் குடுங்கன்னுச்சு."

குருக்கள் பெண்ணைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

ஹெல்மெட் பிள்ளையார் காலடியில் போய் உட்கார்ந்தது. கற்பூரம் காட்டினார், எலுமிச்சம்பழம் வைத்தார். கை பழக்கத்தில் ஹெல்மெட்டின் முகக்கண்ணாடிக்கு நடுவில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் தாராளமாக ஒரு குங்குமப் பொட்டும் வைத்துக் கொடுத்துவிட்டார். நீரஜா மாட்டிக்கொண்டு, "அப்பா, ரோடு தெரிய வேண்டாமா?" என்றாள். அப்போதுதான் தெரு மறுபடி சிரித்தது. அவர் தன் மேல்துண்டாலேயே அதைத் துடைத்துவிட்டார். கதம்பம் நசுங்கித்தான் போயிற்று, அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

அன்று வரிசையில் நின்ற மீதிப் பேரிடம் குருக்கள், "ஹெல்மெட்டையும் கொண்டாங்கோ, ரெண்டுக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டறேன்" என்று சொல்லிப் பார்த்தார். சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர் வேறு கோயிலுக்கு வண்டியைத் திருப்பினார். ஏழெட்டுப் பேர் பாய் கடைப் பக்கம் நடந்தார்கள். வடிவேலுவுக்கு அந்தச் சிவப்பு ஹெல்மெட் கொக்கியிலேயே காத்துக்கொண்டிருந்தது. குருக்கள் வீட்டிலிருந்து ராஜகோபாலனுக்குச் சுண்டலும் பொரியும் போயிற்று. நான் தோற்றவன் ஆயிற்றே என்று அவர் ஆச்சரியப்பட்டாராம்.

குருக்களின் குடுமி விவகாரத்தைத் தர்மு மாமி ஒரு நொடியில் தீர்த்துவிட்டாள். "உச்சியில முடிஞ்சுண்டா எப்படிப் போகும்? பின்கழுத்துல இறக்கி முடிஞ்சுக்கோங்கோ. இதுக்குப் போய் ஒரு பட்டிமன்றமா?" என்றாள்.

விஜயதசமி கழிந்த மறுநாள் விடிகிற நேரத்துக்கு நீரஜா கிளம்பினாள். தோளில் பை, தலையில் வெள்ளை ஹெல்மெட். மந்தைவெளி தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தாள். கொஞ்சம் பின்னால் ஒரு டிவிஎஸ் ஃபிப்டி இருமிக்கொண்டே வந்தது. அடையாறு பாலத்தின் இந்தக் கரையில் ஓரமாக நிறுத்தினாள். அதுவும் வந்து நின்றது.

"எங்கேப்பா இப்படி?"

"அடையாறுல ஒரு ஹோமம்" என்றார் குருக்கள். கையில் பூஜைப் பையே இல்லை.

"கோயில் திறக்க வேண்டாமா?"

"பிள்ளையார் எங்கேயும் ஓடிட மாட்டார். நீ போ. பாத்துப் போ. லாரி வந்தா ஒதுங்கி விட்டுடு."

அவள் அவர் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பாலத்தின்மேல் ஏறினாள். அந்த வெள்ளைத் தலை சின்னதாகி அக்கரையில் மறையும்வரை அவர் நின்று பார்த்தார். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் மூச்சு சீராக வந்தது, மனசு நிறைந்திருந்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்து மீன் வாடையோடு ஓர் எம்-எய்ட்டி வந்தது. சிவப்பு ஹெல்மெட், முழங்கையில் கட்டு. அவரைத் தாண்டிப் போய், சட்டென்று நின்று, வடிவேலு திரும்பிப் பார்த்தான்.

"யாரு, சாமியா? அடையாளமே தெர்லியே! குடுமி எங்க சாமி?"

பஞ்சு குருக்கள் ஹெல்மெட்டை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார்.

"உள்ளே பத்திரமா கீதுப்பா."